ஆமை விடைபெறும் காட்சி

ஜேர்மனியின் ஹம் நகரத்தில், நடுக்கடலில் நின்று கிரேக்கம் பேசியிருந்த ஒரே மனிதர் யாழ்ப்பாணத்து அளவெட்டிக்காரர் ஒருவர்.

ஊரில் கிரேக்கர்களுக்குக் குறைவில்லை. எண்பது, தொண்ணூறு குடும்பங்கள் இருந்தன. ஆனால் எல்லோரும் வடக்கு மலைப்பக்கத்துச் சனம். ஆடு மேய்த்த தகப்பன்மாரின் பிள்ளைகள். சுரங்கத்துக்கும் கம்பித் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்தவர்கள். கடலை அவர்கள் கண்டது கோடை விடுமுறையில், துவாய் விரித்துப் படுத்தபடி. அந்த அளவெட்டிக்காரர் பரராசசிங்கமோ இருபத்திரண்டு வயதில் கிரேக்கச் சரக்குக் கப்பலொன்றில் ஏறி, ஏழு வருஷம் இயந்திர அறையில் கிடந்து, அங்கே எண்ணெயோடும் புகையோடும் கிரேக்கத்தையும் குடித்தவர். குடித்ததில் பாதி வசவு. மீதிப் பாதி, அந்த வசவுகளை ஒன்றோடொன்று பொருத்துவதற்கான சொற்கள்.

எண்பத்தைந்தில் ஹம்புர்க்கில் இறங்கி அகதி அந்தஸ்துக் கேட்டார். கேட்டது கிடைக்க ஒன்பது வருஷம் பிடித்தது. இப்போது வயது நாற்பத்தெட்டு. தோடோரிஸ் என்பவரின் கிரேக்க உணவகத்தில் தலைமைச் சமையல்காரர். தலைமை என்றால் அவருக்குக் கீழே ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தது.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. கிரேக்கர்கள் உதைபந்தாட்டத்தில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற வருஷம். ஆகஸ்ட் முடிந்தும் தோடோரிஸ் கார்க் கொடியைக் கழற்றவில்லை. அந்தச் சூட்டில்தான் கிரேக்கச் சனிக்கிழமைப் பள்ளியின் ஆசிரியை எலெனிக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் மூன்றாம் தலைமுறை. கிண்ணம் வென்றதையே ஜேர்மனில்தான் கத்திக் கொண்டாடினார்கள். அவர்களுக்கு ஒரு கார்ட்டூன் படத்தைக் கிரேக்கத்தில் பேசவைத்துக் காட்டினால் என்ன? மூன்ஸ்டர் பக்கத்தில் தனியாக இருந்து படம் வரைகிற ஒருவர் தன்னுடைய படத்தைத் தாராளமாகத் தந்துவிட்டார். குரல்கள் எல்லாம் எடுக்கப்பட்டு, இசையும் அலைச்சத்தமும் மட்டும் மிஞ்சிய பிரதி ஒன்றும் கூடவே தந்தார். கதை சின்னது. ஒரு கிழட்டுக் கடலாமை, தாயில்லாத ஆறு நண்டுக் குஞ்சுகளைக் கரையில் வளர்க்கிறது. குஞ்சுகளைக் கொத்த ஒரு கடற்காகம் அலைகிறது. கடைசியில் குஞ்சுகள் வளர்ந்து பெரிதாகின்றன. ஆமை விடைபெற்றுக் கடலுக்குள் போய்விடுகிறது.

கடற்காகத்துக்கு ஆள் கிடைத்தது. சிகையலங்காரக்காரர் பனாயோடிஸ். தேவாலயத்தில் பாடுகிறவர், வெண்ணெய் பூசிய குரல். நண்டுகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள். ஆமைக்குத்தான் யாரும் இல்லை. எலெனி கேட்டது உப்பில் ஊறிய குரல். கிடைத்ததெல்லாம் மலைக் குரல்.

ஒரு மத்தியானம் எலெனி உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே பரராசசிங்கத்தின் காலில் பத்துக் கிலோ உறைந்த கணவாய்ப் பெட்டி விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். முழுதாக முக்கால் நிமிடம். கப்பலில் கற்றதில் ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. மண்டபத்தில் இரண்டு கிழவர்கள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுத் தலை குனிந்து கேட்டார்கள், தேவாரம் கேட்பதுபோல.

எலெனி சமையலறைக்குள் ஓடி வந்தாள்.

கிரேக்கர்கள் பேசியது கிரேக்கந்தான். ஆனால் பரராசசிங்கத்தின் காதுக்குள் நுழையும்போது அது அளவெட்டித் தமிழாகத்தான் நுழையும். அவருடைய காதால் கேட்கிற நமக்கும் வேறு வழியில்லை.

"இப்ப கத்தினது ஆர்?" என்றாள் எலெனி.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, டீச்சர்," என்றார் தோடோரிஸ். "அவனுக்குக் கால் நசிஞ்சுபோச்சு."

"கால் கிடக்கட்டும். எனக்கு அந்தக் குரல் வேணும்."

இப்படித்தான் பரராசசிங்கம் நடிகரானார்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது மனைவி சுந்தரேஸ்வரி தையல் ஊசியை வாயில் கவ்விக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஆடை திருத்தும் கடையொன்றில் வேலை. மிச்ச வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன வேஷம்?"

"ஆமை."

"கடவுளே. ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு சொல்லுவினம். நீங்கள் ஆமையாகவே வந்து நிக்கிறியள்."

பதின்மூன்று வயது மகள் தேனுஜா தலையைத் தூக்காமலே "பைன்லிஷ்" என்றாள். வெட்கக்கேடு என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சொல் அது. அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தால், பஸ்ஸில் தமிழ் பேசினால், சில சமயம் சும்மா மூச்சுவிட்டால்கூட அதைத்தான் சொல்வாள்.

பரராசசிங்கம் தேனுஜாவின் பழைய கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்தார். அவருக்குக் கிரேக்கம் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. இயந்திர அறையில் எவனும் எழுத்துப் படிப்பிக்கவில்லை. எலெனி வசனங்களை வாசிக்க வாசிக்க, அவர் அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். தமிழில் இல்லாத ஒலிகளுக்கு மேலே சின்ன நங்கூரம், கீழே சின்ன மீன் என்று அடையாளம் போட்டார். ஒலிப்பதிவு தொடங்கிய முதல் நாள் எலெனி கொப்பியை வாங்கிப் பார்த்து, திருப்பிப் பிடித்துப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒலிப்பதிவுக் கூடம் என்பது தோடோரிஸின் சாமான் அறை. ஹம் ஒரு ரயில் சந்தி. எந்த வீட்டில் ஒலிவாங்கியை வைத்தாலும் கடலுக்கு நடுவே சரக்கு ரயில் ஓடும். ரயில் கேட்காத ஒரே இடம் ஜன்னல் இல்லாத அந்த அறைதான். சுவரில் இரண்டு மெத்தை, கதவில் ஆட்டுமயிர்க் கம்பளம். ஆனால் பக்கத்திலேயே இறைச்சி வைக்கும் குளிர் அறை இருந்தது. அது இடைவிடாமல் உறுமும். அதை நிறுத்தினால்தான் ஒலிப்பதிவு; நிறுத்தினால் இறைச்சி நாற்பது நிமிடம்தான் தாங்கும். ஆகவே உணவகம் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில், மத்தியானம் இரண்டு மணிக்குத் தோடோரிஸ் குளிர் அறையை நிறுத்துவார். பிறகு வெப்பமானியோடு வாசலில் நிற்பார்.

"நாலு பாகை," என்பார். கொஞ்ச நேரத்தில், "அஞ்சு பாகை. ஆமையைக் கெதியாக் கதைக்கச் சொல்லுங்கோ."

பரராசசிங்கம் நன்றாகவே செய்தார். திரையில் ஆமையின் வாய் அசையும். அந்த அசைவுக்குள் சொல்லை வைக்க வேண்டும். முன்னே போனாலும் பிழை, பின்னே நின்றாலும் பிழை. இயந்திரத்தின் தாளத்துக்கு எண்ணெய் ஊற்றிய ஆளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆறு நண்டுப் பிள்ளைகளும் அவர் பேசும்போது வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பனாயோடிஸ்கூட, "உம்மட குரலுக்குச் சவரம் செய்ய வேணும், ஆனால் நல்ல குரல்," என்றார். சிகையலங்காரக்காரர் வாயிலிருந்து வந்தால் அது பெரிய பாராட்டு.

இதற்கிடையில் செய்தி பரவியது. பரவவைத்தவர் கனகலிங்கம். பலசரக்குக் கடைக்கு வான் ஓட்டுகிறவர். அரிசியும் செய்தியும் ஒரே வண்டியில் ஏற்றுவார். ஹம்மில் அது 'பரா அண்ணை கார்ட்டூனுக்குக் குரல் குடுக்கிறார்' என்று புறப்பட்டது. டோர்ட்முண்டில் இறங்கும்போது 'பரா அண்ணை கிரேக்கப் படத்தில நடிக்கிறார்'. எஸ்ஸனைத் தாண்டும்போது ஒரு கதாநாயகியும் ஏறிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் ஒரு பெண் சுந்தரேஸ்வரியின் கையைப் பிடித்து, "அக்கா, மனதைத் தளரவிடாதேங்கோ," என்றாள்.

சுந்தரேஸ்வரி வீட்டுக்கு வந்து சொன்னாள். "உங்களுக்கு ஒரு வெள்ளைக்காரியோட தொடுப்பாம். அவ ஆமையோ நண்டோ எண்டு நான் கேக்கேல்லை."

இப்படி ஊரே காத்திருந்த நிலையில், மூன்றாவது திங்கட்கிழமை கடைசிக் காட்சிக்கு வந்தார்கள்.

காட்சி இதுதான். ஆமை கரையோரம் நிற்கிறது. முகம் பெரிதாகத் திரை முழுக்கத் தெரிகிறது. வாய் இரண்டு தரம் திறந்து மூடுகிறது. பிறகு மூன்று வினாடி நண்டுகளைச் சும்மா பார்க்கிறது. பிறகு திரும்பி, முதுகோட்டைக் காட்டியபடி அலைக்குள் இறங்குகிறது. ஜேர்மன் மூலத்தில் அது சொல்வது 'போகிறேன்' என்று மட்டும். எலெனி கிரேக்கத்தில் எழுதியது 'ஃபெவ்கோ'. அதுவும் 'போகிறேன்'தான். இரண்டு அசை, இரண்டு வாயசைவு. தைத்து வைத்த சட்டை மாதிரி.

விளக்கு எரிந்தது. ஆமை வாயைத் திறந்தது. பரராசசிங்கம் சொன்னார்: "பாவோ கி எர்ஹோமே."

போட்டு வாறன்.

'போகிறேன்' அல்ல, 'போய்விட்டு வருகிறேன்'. எலெனி நிறுத்தினாள். "பரா, ஃபெவ்கோ."

"ஓம் ஓம். தெரியும். வாய் தவறிப்போச்சு."

மறுபடியும் அலை. மறுபடியும் ஆமை. "பாவோ கி எர்ஹோமே." ஆமை வாயை மூடிக்கொண்டு நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வயிற்றுக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல மிச்ச வசனம் வழிந்தது. நண்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பதினாலு தரம் எடுத்தார்கள். ஐந்தாவது தரம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஒன்பதாவது தரம் இருமினார். பதினோராவது தரம் 'ஃபெ' வரைக்கும் வந்து, வியர்த்து, "கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்றார்.

"ஏழு பாகை!" என்றார் தோடோரிஸ், சாவுச் செய்தி சொல்கிற குரலில்.

எலெனி தன் கொப்பியை மூடினாள். அவள் கெட்டவள் அல்ல, ஆனால் ஆசிரியை. "பரா, அடுத்த திங்கள் கடைசி. சொல்ல ஏலாட்டிப் பனாயோடிஸைக் கொண்டு அந்த வசனத்தைப் பேசவைப்பன். வேற வழியில்லை. ஒரு ஆமைக்கு ரெண்டு குரலாப் போனாலும் பரவாயில்லை."

பனாயோடிஸ் மூலையில் நின்று, யாரும் கேட்காமலே, "ஃபெவ்கோ," என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். மணி அடித்ததுபோல் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறன்' என்று சொல்வதில்லை. முடக்குக் கடைக்குப் போய் ஒரு நெருப்புப்பெட்டி வாங்குவதானாலும் 'போட்டு வாறன்'தான். 'போறன்' என்றால் போனதுதான்; பிறகு ஆள் வராது, தந்திதான் வரும். இது சுந்தரேஸ்வரிக்கும் தெரியும், கனகலிங்கத்துக்கும் தெரியும், பைன்லிஷ் தேனுஜாவுக்கும்கூடத் தெரியும். ஆனால் படத்தில் ஓர் ஆமைக்காக, அதுவும் கிரேக்கத்தில், அதைச் சொல்ல முடியாத அளவுக்கு என்ன வந்தது?

"நீங்களே போறியள்?" என்று கேட்டார் கனகலிங்கம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து. "ஆமைதானே அண்ணை போகுது. மிச்சத்தை மனதுக்குள்ள சொல்லுங்கோவன்."

பரராசசிங்கம் முயன்றார். "ஃபெ..." என்றார். மனதுக்குள் மிச்சத்தைத் தேடினார். அதற்குள் வாய் அதுபாட்டுக்குப் 'பாவோ கி எர்ஹோமே' என்று முடித்துவிட்டது.

"உது வருத்தம்," என்றார் கனகலிங்கம். "டொக்டரிட்டைக் காட்ட ஒரு டெர்மின் எடுங்கோ." சோஃபாவிலிருந்து எழுந்து, "சரி, போட்டு வாறன்," என்று கிளம்பினார்.

அவர் போனபிறகு சுந்தரேஸ்வரி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. என்ன விஷயம்?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவளிடம் சொல்லாத ஒரு கதை அவரிடம் இருந்தது. வெட்கத்தால்தான் சொல்லவில்லை. கதை அவ்வளவு சின்னது.

"எழுபத்தெட்டில கப்பலுக்கு வெளிக்கிடேக்க," என்றார், "சோதியண்ணையோட சண்டை." சோதிலிங்கம் அவருடைய மூத்தவர், இன்றும் அளவெட்டியில் அதே வளவில் இருக்கிறவர். "கப்பலுக்குப் போகாதை எண்டார். நான் போவன் எண்டன். அப்ப, 'என்ர சைக்கிளை வைச்சிட்டுப் போ' எண்டார். அது ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கின சைக்கிள். எனக்கு விசர் வந்திட்டுது. வாசல் படலையிலை நிண்டு 'போறன்' எண்டு சொன்னன். ரெண்டு தரம் சொன்னன். அண்ணை பின்னாலை ஓடிவந்து, 'போட்டு வாறன் எண்டு சொல்லடா' எண்டு கத்தினவர். நான் திரும்பிப் பாக்கேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. போனதுதான். அஞ்சு வருஷத்தில கலவரம் வந்தது. சண்டை வந்தது. பாஸ்போட் இல்லை. பாதை இல்லை. ஊர்ப்பக்கமே போக ஏலாமப் போச்சு."

சுந்தரேஸ்வரி அவரையே பார்த்தாள். இலங்கையில் யுத்தம் மூண்டதற்குப் பெரிய பெரிய ஆட்கள் பெரிய பெரிய புத்தகங்களில் ஆயிரம் காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். அளவெட்டியில் ஒரு படலையும் ஒரு சைக்கிளும் அதில் விடுபட்டுப் போனதை அவள் அன்றுதான் அறிந்தாள்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

"இப்ப பாதை திறந்து ரெண்டு வருஷம்," என்றாள் மெதுவாக. "ஆமியும் இயக்கமும் கைகுலுக்கியாச்சு. கொழும்பிலை இருந்து பஸ் ஓடுது. அண்ணை ஒவ்வொரு மாதமும் ரெலிபோனிலை கூப்பிடுறார். நீங்கள் லீவு இல்லை, லீவு இல்லை எண்டு சொல்லுறியள். தோடோரிஸ் ஒவ்வொரு ஆகஸ்டும் கடையைப் பூட்டிறது எனக்குத் தெரியாதே?"

பரராசசிங்கம் எலெனி தந்த கசெட்டை எடுத்து வீடியோவில் போட்டார். குரல் இல்லாத பிரதி. அலைச்சத்தம் மட்டும். ஆமை வாயை இரண்டு தரம் திறந்து மூடியது, பார்த்தது, திரும்பியது, கடலில் இறங்கியது. திருப்பிப் போட்டார். மறுபடியும் இறங்கியது.

நாலாம் தரம் சுந்தரேஸ்வரி, "நிப்பாட்டுங்கோ," என்றாள். திரைக்குக் கிட்டப்போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். பிதுங்கிப்போன இடுப்புத் தையலைப் பார்க்கிற பார்வை.

"வசனம் எவ்வளவு நீளம்?"

"பாவோ கி எர்ஹோமே. அஞ்சாறு அசை."

"வாய் ரெண்டு தரம்தான் திறக்குது."

"ஓம். அதுதானே பிரச்சினை. மிச்சத்தை வெட்டச் சொல்லுறா."

"ஏன் வெட்டுறது? காற்சட்டை நீளம் எண்டால் நாங்கள் வெட்டுறமே? உள்ளுக்கு மடிச்சுத் தைக்கிறது." விரலால் திரையைத் தட்டினாள். "ஆமை திரும்பினாப் பிறகு வாய் ஆருக்குத் தெரியும்? ஓடுதானே தெரியுது. 'பாவோ'வை முகத்திலை சொல்லுங்கோ. மிச்சத்தை முதுகிலை சொல்லுங்கோ."

பரராசசிங்கம் திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இயந்திர அறையில் ஏழு வருஷம், கிரேக்கச் சமையலறையில் பத்து வருஷம் கழித்தவருக்கு இந்த ஊசிமுனைப் புத்தி வரவில்லை.

எழுந்து நின்று சொல்லிப் பார்த்தார். "பாவோ..." ஆமை வாயை மூடியது. ஆமை பார்த்தது. ஒரு வினாடி... "கி எர்ஹோமே!"

"அந்தரப்படாதேங்கோ. இன்னும் திரும்பேல்லை."

"மூண்டு செக்கன் இருக்கு, ஈசு. அந்த மூண்டு செக்கனும் வெறும் 'போறன்' மட்டும் அந்தரத்திலை நிக்குது."

"மூண்டு செக்கன் பொறுக்க ஏலாத மனுசன், இருபத்தாறு வருஷம் எப்பிடிப் பொறுத்தனீங்கள்?"

திங்கட்கிழமை அவர் போகும்போது பனாயோடிஸ் ஏற்கெனவே ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். புதுச் சட்டை. தலையில் எண்ணெய். கடைசி வசனத்தை முன்கூட்டியே பதிந்துவிட்டார்கள். எலெனி அதைப் போட்டுக் காட்டினாள். "ஃபெவ்கோ." குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆமை தலைமுடி வெட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

"எனக்கு ஒரு தரம் தாங்கோ, டீச்சர்," என்றார் பரராசசிங்கம்.

"ஆறு பாகை," என்றார் தோடோரிஸ். பிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக, வெப்பமானியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, "குடுங்கோ," என்றார்.

விளக்கு எரிந்தது. அலை வந்தது. ஆமை வாயைத் திறந்தது.

"பாவோ."

வாய் மூடியது. ஒரு வினாடி. பரராசசிங்கம் மேசை விளிம்பைப் பிடித்தார். இரண்டு வினாடி. படலை, சைக்கிள், பின்னாலே ஓடிவரும் செருப்புச் சத்தம். மூன்று. ஆமை திரும்பியது. ஓடு தெரிந்தது. "கி எர்ஹோமே."

பனாயோடிஸ் மூக்கை உறிஞ்சினார். உடனே, "கம்பளத் தூசி," என்றார்.

எலெனி மட்டும் முகத்தைச் சுளித்தாள். "அழகாத்தான் இருக்கு. ஆனால் படத்திலை ஆமை திரும்பி வராது, பரா. வரைஞ்சவர் அப்பிடித்தான் வரைஞ்சவர். பிள்ளையளுக்கு நாங்கள் பொய் சொல்ல ஏலுமே?"

"வாறதும் வராததும் கடலின்ர பாடு, டீச்சர். சொல்லிப்போட்டுப் போறது ஆமையின்ர கடமை."

"ரெண்டும் என்னட்டை இருக்கு. யோசிக்கிறன்," என்றாள் எலெனி. தோடோரிஸ் குளிர் அறையைப் போட்டார். அது உறுமத் தொடங்கியது.

அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று கிழமை பரராசசிங்கம் இறைச்சியைக் கருக்கினார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம், கிரேக்கத் தேவாலய மண்டபத்தில் படம் போட்டார்கள். வெள்ளை விரிப்புத்தான் திரை. அறுபது கிரேக்கப் பிள்ளைகள், அவர்களுடைய தாய் தகப்பன்மார், பின்வரிசையில் கிழவர்கள். முன்வரிசைகள் முழுவதையும் கனகலிங்கத்தின் வான் மூன்று தடவை ஓடி நிரப்பியிருந்தது. முப்பத்தெட்டுத் தமிழர்கள். பெண்கள் கூறைச் சேலையில் வந்திருந்தார்கள். கிரேக்கத்தில் ஒரு சொல் தெரியாவிட்டாலும், ஆமை வாயைத் திறக்கும்போதெல்லாம் கைதட்டினார்கள். சுந்தரேஸ்வரி ஒரு அண்டா நிறைய வடை கொண்டுவந்திருந்தாள். தேனுஜா அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இடைக்கிடை, "அது என்ர அப்பாதான்," என்று பக்கத்துக் கிரேக்கச் சிறுமியிடம் ஜேர்மனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பரராசசிங்கம் உட்காரவில்லை. கதவருகே நின்றார். கடைசியில் எந்தக் குரல் வரும் என்று அவருக்குத் தெரியாது. அதுவரை ஆமை முழுக்க அவருடைய குரல்தான். அந்தக் கடைசிக் காட்சியில் மட்டும் பனாயோடிஸின் மணி அடித்தால் முப்பத்தெட்டுப் பேரும் திரும்பித் தன்னைப் பார்ப்பார்கள் என்பது மட்டும் தெரியும்.

கரை வந்தது. ஆமையின் முகம் திரையை நிறைத்தது. வாய் திறந்தது.

"பாவோ."

அவருடைய குரல்.

பிறகு அந்த மூன்று வினாடி. மண்டபத்தில் வடை மெல்லுகிற சத்தம்கூட நின்றது. ஆமை பார்த்தது. திரும்பியது. ஓட்டுக்குள்ளிருந்து, "கி எர்ஹோமே."

பின்வரிசையில் ஒரு கிழவர் சத்தமாக மூக்கைச் சிந்தினார். கடல் மூடியது. பெயர்கள் ஓடின. விளக்குகளைப் போட்டார்கள்.

ஒரு பிள்ளையும் எழும்பவில்லை.

தாய்மார் கோட்டுகளோடு வந்து நின்றார்கள். "வா, வீட்டை போவம்." பிள்ளைகள் அசையவில்லை. நடுவில் இருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கைகளைக் கட்டிக்கொண்டு, "ஆமை வாறன் எண்டு சொன்னது," என்றாள். அதையும் கிரேக்கத்தில் சொன்னாள். ஜேர்மனில் சொல்லியிருந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கிரேக்கத்தில் சொன்னதால் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. பாதிரியார் சாவிக் கோர்வையை ஆட்டினார்.

எலெனி மண்டபத்தின் குறுக்கே நடந்து பரராசசிங்கத்திடம் வந்தாள். "நீதானே சொன்னனி. இப்ப வா."

அவர் விரிப்புக்குப் பின்னால் போனார். தொண்டையைச் செருமினார். கணக்குக் கொப்பியில் இதற்கு வசனம் இல்லை.

"வந்திட்டன்," என்றார் கிரேக்கத்தில்.

மண்டபம் கூரை கழன்றதுபோலக் கூச்சலிட்டது.

"எங்க போனனீ?" என்று சிறுமி கேட்டாள். "ஏன் இவ்வளவு நேரம்?"

ஆமை தான் போன இடங்களைச் சொன்னது. பிரேயஸ் துறைமுகம், சூயஸ் கால்வாய், ரோட்டர்டாம், மீன்கள் பறக்கிற ஒரு கடல், மூன்று நாள் விடாமல் அடித்த ஒரு புயல். புயலில் ஒரேயொரு கப்பல் சொல் வாய் தவறி விழுந்தது. பின்வரிசைக் கிழவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "ஏன் இவ்வளவு நேரம் எண்டால்," என்று முடித்தது ஆமை, "நான் ஆமைதானே."

பிறகு வடையைச் சாப்பிட்டுக்கொண்டு எலெனி சொன்னாள். "என்ர அப்பா அறுபத்திநாலிலை ஸ்டேஷனிலை நிண்டு அம்மாவுக்குச் சொன்னதும் உந்த வசனந்தான். ரெண்டு வருஷத்திலை வாறன் எண்டவர்."

"வந்தவரோ?"

"இல்லை. நாங்கள்தான் இஞ்சை வந்தனாங்கள். ஆனால் அதைச் சொன்னபடியால்தான் அம்மா அந்த ரெண்டு வருஷமும் சாப்பிட்டவ." இன்னொரு வடையை எடுத்தாள். "இதுக்குள்ள என்ன போட்டிருக்கு?"

அன்று பின்னேரம், கோட்டைக்கூடக் கழற்றாமல், பரராசசிங்கம் ரெலிபோன் அட்டையைச் சுரண்டி அளவெட்டி இலக்கத்தை அடித்தார். சுந்தரேஸ்வரி அண்டாவைக் கழுவுகிற பாவனையில் தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டாள்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்றது சோதிலிங்கத்தின் குரல்.

"நான்தான் அண்ணை. ஆமை."

கனகலிங்கத்தின் செய்தி அளவெட்டிவரை போயிருந்தது என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

"படத்திலை ஒரு வெள்ளைக்காரியாமே?"

"அது நண்டு, அண்ணை. ஆகஸ்டிலை கடை பூட்டு. மூண்டு கிழமை லீவு. ஈசுவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன்." மூச்சை இழுத்தார். "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு சொல்லுவினம். பரவாயில்லையோ?"

"ஷெல் புகுந்து அரைவாசிக் கூரையோட்டைக் கொண்டுபோட்டுது. ஆமை புகுந்து புதுசா என்ன செய்யப்போகுது? வா." பிறகு சோதிலிங்கம் செருமினார். "சைக்கிள் கிடக்கு. துருப்பிடிச்சுப்போச்சு. உன்ர பங்குக்கு நீதான் எண்ணெய் போடவேணும்."